புல்தரை இல்லாமல் போனது பற்றி மாமாவுக்கு ஒரு விளக்கம்

மதிப்புக்கும் அச்சத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் மகளும் உடல் சுகத்துடன் இருக்கிறோம். இல்லத்தில் உள்ள மற்றவர்கள் இல்லத்தின் வழக்கப்படி இருக்கிறார்கள். அங்கே தாங்களும் மூத்த மைத்துனர் குடும்பத்தாரும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

போனில் தாங்கள், "என்ன மாப்பிள்ளை, புல்லத் தூக்கிட்டீங்களாமே?" என்று கேட்டீர்கள். நான், "மாமா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். "அது ஒண்ணும் வர வேணாம். நானே வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். தொலைபேசி நிலையத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, ஊராரின் திட்டுகளைக் கேட்டே தலை நரைத்து ஓய்வுபெற்றவன் நான். எதிர்முனையில் ரிசீவர் விழும் ஓசையை வைத்தே கோபத்தின் எடையைச் சொல்லிவிடுவேன். தாங்கள் வைத்த ஓசையைக் கேட்டதும் தங்கள் மகளிடம், "உங்கப்பா பெட்டி கட்டுறார்" என்றேன். ஆகவே தாங்கள் வந்து இறங்குவதற்குள் இந்தக் கடிதம் முந்திக்கொள்ள வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். நேரில் என்றால் தங்கள் முன்னால் எனக்கு இரண்டாவது வாக்கியம் வராது என்பது தங்களுக்கே தெரியும்.

குணமாகாது என்று ஆஸ்பத்திரிகள் அனுப்பிவைத்தவர்களுக்காகத் தாங்கள் தொடங்கிய இல்லத்தின் கதையைத் தங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் எனக்கு எதையும் ஆதியிலிருந்து சொன்னால்தான் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அத்தையை டாக்டர்கள் கைவிட்டபோது தாங்கள் இந்த வீட்டின் கூடத்துச் சுவரை இடித்துப் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தீர்கள். படுத்தபடி அவர் பார்ப்பதற்காக ஜன்னலுக்கு முன்னால் வாசல் கேட் வரைக்கும் புல்தரை போட்டீர்கள். அத்தைக்குப் பிறகு அந்தக் கூடம் முழுக்கக் கட்டில்கள் வந்தன, ஆட்கள் வந்தார்கள், போனார்கள். புல் மட்டும் அப்படியே இருந்தது. "புல்லில் கால் வைக்காதீர்" என்ற பலகையைத் தாங்களே நட்டீர்கள். அதை எல்லோரும் மதித்தார்கள். இறந்தவர்களுக்குக்கூட அந்தப் பக்கம் வழி கிடையாது. ஸ்ட்ரெச்சர் பக்கவாட்டுச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வேனுக்குப் போகும். இல்லத்தின் நிர்வாகத்தை என் கையில் கொடுத்தபோது தாங்கள் மருந்தைப் பற்றியோ நர்ஸ்களைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "புல்லு வாடக் கூடாது மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னீர்கள். நானும் அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இந்தக் கோடையில் வானம் பொய்த்தது. நகராட்சிக் குழாயில் காற்று வந்தது. போர் மோட்டார் போட்டால் எங்கள் நோயாளிகளைவிட மோசமாக இருமிவிட்டுச் சேற்றைத் துப்பியது. தண்ணீர் லாரிக்குச் சொல்லிவைத்தால் வருகிறேன் என்றவன் வரமாட்டான், வரமாட்டேன் என்றவன் நாம் தூங்கும்போது வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிருப்பான். தொட்டியில் இருந்த தண்ணீரைத் தலைமை நர்ஸ் தன் தாலிச் செயின் போலக் காத்தார். சமையலுக்கு இவ்வளவு, காயம் கழுவ இவ்வளவு, துணி துவைக்க இவ்வளவு என்று அளந்து கொடுத்தார். குளியல் நின்றது. எல்லோருக்கும் ஈரத்துணியால் துடைப்புதான். ஆனால் தங்கள் மாப்பிள்ளையாகிய நான் சாயங்காலமானால் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சினேன். தலைமை நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும்.

அப்போது ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு தையல்காரர் வந்திருந்தார். வயிற்றில் வியாதி. ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்தவர், "டைலர்" என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். நான் தண்ணீர் பாய்ச்சுவதைத் தினமும் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் ஜன்னல் கண்ணாடியை விரலால் தட்டிக் கூப்பிட்டார். கையில் குழாயோடு போய் நின்றேன்.

"சார், ஒரு சந்தேகம். அந்தப் புல்லுக்கு என்ன வியாதி?"

"புல்லுக்கா? ஒரு வியாதியும் இல்லையே."

"அப்ப அது நல்லா இருக்கு. நான்தான் செத்துக்கிட்டு இருக்கேன்."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது டைலர்."

"சொல்லாட்டி மட்டும் எந்திரிச்சிருவேனா? நல்லா இருக்கறதுக்குத் தெனமும் குளியல். சாகப்போறவனுக்கு ஈரத்துணி. இது என்ன கணக்கு சார்? எனக்கு மேலெல்லாம் நாறுது. என் பொண்டாட்டி பக்கத்துல வந்து உக்காரவே மூக்கச் சுளிக்கிறா. அவளுக்குத் தெரியாம சுளிக்கிறதா நெனைக்கிறா."

பின்னால் நின்ற தலைமை நர்ஸ், நான் அங்கே இல்லாதது போல அவரிடம் சொன்னார்: "நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு அண்ணே. அவரு நம்மளப் பாக்குறதில்ல. மாமனாரப் பாக்குறாரு."

மாமா, குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என் செருப்பு நனைந்து, கால் நனைந்து, நின்ற இடம் சேறானது. நான் குழாயை இழுத்துக்கொண்டு போய்க் குளியலறை ஜன்னல் வழியாக உள்ளே விட்டேன். தையல்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, தலைமை நர்ஸ் பிடித்துக்கொள்ள, நானே தலையில் தண்ணீர் ஊற்றினேன். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்றார். முதுகில் எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. சோப்பு நுரை அந்தப் பள்ளங்களில் தங்கித் தங்கி இறங்கியது. அன்று அவர் மனைவி வந்து தலையைத் துவட்டிவிட்டு நெடுநேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கூடத்தில் உள்ள அத்தனை பேரும், பேச்சு நின்றவர்கள் உட்பட, குளிக்க வேண்டும் என்று தெரிவித்துவிட்டார்கள். புல்லுக்குத் தண்ணீர் அன்றோடு நின்றது. இதற்காகத் தாங்கள் என்னைத் தண்டிக்கலாம். ஆனால் மிச்சத்தையும் படித்துவிட்டுத் தண்டியுங்கள்.

புல் சாக ஆரம்பித்தது. முதலில் ஓரம் பழுத்தது, பிறகு நடுவில் வட்டம் வட்டமாகச் சொட்டை விழுந்தது, பிறகு மொத்தமும் தேங்காய் நார் போல ஆகிவிட்டது. நான் ஏதோ தோட்டம்தானே என்று நினைத்தேன். கூடத்தில் இருந்த கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் பெஞ்சு மேல் ஏற்றியவர், இப்போது ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறார், அதட்டல் மட்டும் குறையவில்லை.

"இங்க இருக்கறவங்க எல்லாருக்கும் என்ன ஆகப்போகுதுன்னு எங்களுக்கே தெரியும். அத நீங்க ஜன்னலுக்கு வெளிய படம் போட்டுக் காட்டணுமா?"

"தண்ணி இல்லையே டீச்சர்."

"தண்ணி இல்லாம வாழற செடி உலகத்துல ஒண்ணுகூட இல்லையா? போய்க் கேட்டுட்டு வாங்க. நாளைக்கு வந்து சொல்லணும்."

வீட்டுப்பாடம் வாங்கிக்கொண்டு ஊர்க் கோடியில் இருக்கும் நர்சரிக்காரரிடம் போனேன். "நான் இருக்கேன்ல சார், நீங்க ஏன் கவலப்படுறீங்க?" என்றார். இந்த வாக்கியத்தை ஒருவர் சொன்னால் அப்போதே திரும்பிவிட வேண்டும் என்பதை நான் புகார்ப் பிரிவிலேயே கற்றிருக்க வேண்டும். செடி எதற்கு, காய்ந்த புல்லுக்கே பச்சைச் சாயம் அடித்துவிடலாம், வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான், பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் தெரியாது என்றார். முதுகில் மருந்தடிக்கும் டின்னைக் கட்டிக்கொண்டு வந்து அடித்தார். காற்று அன்றைக்கென்று வீசியது. கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகள், டாக்டரின் கார், நான் என எல்லாமே பச்சை. சாயம் காய இரண்டு நாள் ஆகும் என்பதைக் கேட் தாண்டிப் போன பிறகுதான் போன் செய்து சொன்னார். அதற்குள் அன்று காலை இறந்துபோன பெரியவரின் உறவுக்காரர்கள் அழுதுகொண்டே உள்ளே ஓடி வந்துவிட்டார்கள். துக்கத்தில் வருபவர்களிடம் "கால் வைக்காதீர்" பலகையைக் காட்டுவது யார்? கேட்டிலிருந்து கூடம் வரைக்கும், கூடத்திலிருந்து கட்டில் வரைக்கும், கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பச்சைப் பாதங்கள். பெரியவரின் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணன் கால்தடமா இது?" என்று இன்னும் பெரிதாக அழுதார். அவருக்கு உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று தரை கழுவிய தண்ணீரில் புல்லை ஒரு மாதம் வளர்த்திருக்கலாம் என்று தலைமை நர்ஸ் சொன்னார். அவர் எதையும் குறைத்துச் சொல்பவர்.

அடுத்தது பிளாஸ்டிக் புல். "இது வாடாது, வளராது, வெட்ட வேணாம், சாகவே சாகாது சார்" என்று நர்சரிக்காரர் சுருள் சுருளாகக் கொண்டு வந்து விரித்தார். தூரத்தில் இருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தையல்காரர் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நைலான். இதுல சட்ட தச்சா எதிரிகூட போடமாட்டான்" என்றார். வெயில் ஏறியதும் அது தோசைக்கல்லாகிவிட்டது. தரையிலிருந்து அனல் கிளம்பி ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் வந்தது. மூச்சுக்கு ஏங்குபவர்களுக்கு ரப்பர் எரிந்த வாடை. போதாததற்கு, பெரிய ஜன்னல் கண்ணாடியில் பட்ட வெயில் திரும்பி ஒரே இடத்தில் விழுந்து, அந்த இடத்துப் புல் மெழுகாக உருகிச் சுருண்டுவிட்டது. நர்சரிக்காரரைக் கூப்பிட்டால், "மத்தியானத்துல மட்டும் கொஞ்சம் தண்ணி தெளிச்சிவிடுங்க சார், சூடு தணிஞ்சிரும்" என்கிறார். பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்ற அந்த நிமிஷத்தில் நான் சிரித்தேனா அழுதேனா என்று தங்கள் மகளைக் கேளுங்கள். அவள்தான் என்னை உள்ளே அழைத்துப் போனாள்.

நர்சரிக்காரர் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஜல்லி கொட்டினார். வழவழப்பான வெள்ளைக் கூழாங்கல், நடுநடுவே இரண்டு கற்றாழை. மீந்ததைப் பக்கவாட்டுச் சந்திலும் நிரவிவிட்டார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அதன் ஓசையைப் பற்றி நாங்கள் யாரும் நினைக்கவில்லை, மாமா. அதுவரை இங்கே ஒருவர் இறந்தால் கூடத்தில் உள்ள மற்றவர்களுக்கு உடனே தெரியாது. திரையை இழுத்துவிட்டுச் சத்தமில்லாமல் கொண்டுபோய்விடுவோம். தூங்கி எழுந்தால் ஒரு கட்டிலில் புது விரிப்பு இருக்கும், அவ்வளவுதான். யாரும் கேட்கமாட்டார்கள். ஜல்லி வந்த பிறகு ஸ்ட்ரெச்சர் சக்கரம் 'நறநற'வென்று கடித்துக்கொண்டு போவது கூடம் முழுக்கக் கேட்டது. நடமாட்டம் இல்லாதவர்கள்கூடத் தலையைத் தூக்கி, "யாரு?" என்று கேட்டார்கள். ஒருநாள் பஸ் டிரைவர் ஒருவரைக் கொண்டுபோகும்போது சந்துத் திருப்பத்தில் சக்கரம் ஜல்லியில் புதைந்துவிட்டது. முன்னால் இழுத்தால் பின்னால் இறங்குகிறது, பின்னால் தள்ளினால் முன்னால் குத்துகிறது. ஆயுள் முழுக்க எங்கும் பஸ்ஸை நிறுத்தாதவர், கடைசியில் எங்கள் சந்தில் சிக்கிக்கொண்டார். கணக்கு டீச்சர் ஜன்னலிலிருந்து, "ரிவர்ஸ் எடுத்து இடது பக்கம் ஒடிங்க!" என்று உத்தரவு போட்டார். கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் அழ ஆரம்பித்ததும் அதுவும் எல்லோருக்கும் பரவிவிட்டது. கடைசியில் நாங்கள் ஸ்ட்ரெச்சரோடு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனோம். மறுநாளே ஜல்லியை அள்ளி மூலையில் குவித்துவிட்டேன்.

இதற்குப் பிறகும் நான் நர்சரிக்காரரிடம் போனேன் என்பதைத் தங்களிடம் மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். ஒரு பை விதை கொடுத்தார். தண்ணீரே வேண்டாம், தரையோடு தரையாகப் படரும், மஞ்சள் பூப் பூக்கும் என்றார். அத்தனையும் உண்மை. நன்றாகப் படர்ந்தது, அழகாகப் பூத்தது. பூ உதிர்ந்து காய் வந்தபோதுதான் அது நெருஞ்சி என்று தெரிந்தது. சக்கர நாற்காலிகளின் டயர் எல்லாம் ஒரே நாளில் பஞ்சர். டாக்டர் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு ரவுண்ட்ஸ் வந்தார். நானும் தங்கள் மகளும் குனிந்து குனிந்து அதைப் பிடுங்கி எறிந்தோம். அவள் கையில் முள் எடுக்கும்போது, "ஏங்க, எல்லாத்தையும் விட்டுட்டு மண்ணாவே விட்டுருங்க. கடைசில எல்லாம் அதுதானே" என்றாள். தங்கள் மகள் சாதாரணமாக அப்படிப் பேசுகிறவள் இல்லை. நான் அவள் சொன்னபடியே விட்டுவிட்டேன். வெறும் மண். காற்றடித்தால் புழுதி எழுந்து ஜன்னலை மூடிக்கொண்டது. கூடத்தில் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லி டீச்சர் கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

இனிமேல் நடந்ததில் என் திறமை எதுவும் இல்லை. குளியலறைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில், அழுக்குத் தண்ணீர் ஊறிய மண்ணில், ஏதோ ஒரு களை முளைத்துத் தரையோடு ஓடிக்கொண்டிருந்தது. தலைமை நர்ஸ் கொசு வரும் என்று அதைப் பிடுங்கப் போனார். தையல்காரருக்கு அதற்குள் எழுந்து உட்காரும் தெம்பு போய்விட்டது. படுத்தபடியே ஜன்னலைத் தட்டினார்.

"சிஸ்டர், அதப் புடுங்காதீங்க."

"களை அண்ணே இது."

"இருக்கட்டும். நாலு நாளா அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். கணுவுக்குக் கணு வேர ஊனிக்கிட்டு ஓடுது பாருங்க. ஓட்டுத் தையல் மாதிரியே. ஒரு எடத்துல அறுந்தாலும் அடுத்த தையல் புடிச்சுக்கும்."

தங்கள் மகள் போய்ப் பார்த்துவிட்டு, "அட, பொடுதலைங்க இது. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்ல போடுவாங்களே" என்றாள். குட்டி இலை, தீக்குச்சி முனை அளவுக்கு வெள்ளையும் ஊதாவுமாகப் பூ. சரி, இத்தனை பார்த்தாயிற்று, இதையும் பார்த்துவிடலாம் என்று அதன் கொடியைக் கணுக்கணுவாக நறுக்கி மண்ணில் அமுக்கி வைத்தோம். குளியலறைத் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம் போகும்படி வாய்க்கால் வெட்டினேன். ஆட்கள் குளித்தார்கள், அது குடித்தது. தையல்காரர் ஜன்னல் வழியாக மேஸ்திரி வேலை பார்த்தார். "இந்த ஓரத்துல தையல் விட்டுப்போச்சு சார்", "அங்க நெருக்கிப் போடுங்க, பிரிஞ்சிரும்" என்று குரல் வரும். குரல் போன பிறகு விரல் வரும். மழைக்காலம் வருவதற்கு முன்பே மண் மறைந்துவிட்டது. வேர் பிடித்த பிறகு தண்ணீர் நின்றாலும் அது பதறவில்லை. வெட்ட வேண்டியதில்லை. குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். தங்கள் புல் மாதிரி சீப்பு வைத்துச் சீவியது போல இருக்காது. ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் வழுக்கை. பூவுக்குத் தேனீ வருகிறது. தங்கள் மகளைக் கன்னத்தில் கொட்டியதில் முகம் வீங்கி, இரண்டு நாள் அவள் அச்சு அசலாகத் தங்கள் சாயலில் இருந்தாள். மன்னிக்கவும், கை தானாக எழுதிவிட்டது. கணக்கு டீச்சர் கட்டிலை மறுபடியும் ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார். பட்டாம்பூச்சிகள் எத்தனை வருகின்றன என்று மற்றவர்களுக்குப் பரீட்சை வைக்கிறார்.

இப்போது எழுதப்போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். டீச்சர் ஒருநாள், ஒரே ஒருமுறை அதன்மேல் கால் வைக்க வேண்டும் என்று கேட்டார். நான் பலகையைக் காட்டினேன். "அது புல்லுக்குத்தானே? இது புல் இல்லையே" என்றார். கணக்கு டீச்சரிடம் தர்க்கத்தில் ஜெயிக்க முடியுமா? நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது தலைமை நர்ஸ்தான் பேசினார். அத்தையைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவர் அவர் என்பது தங்களுக்குத் தெரியும்.

"அம்மாவும் இதேதான் சார் கேட்டாங்க. புல்லப் போட்டு முடிச்ச அன்னிக்கு, 'ஒரு தடவ காலு வைக்கணும் போல இருக்கு'ன்னாங்க. ஐயா, 'இப்பத்தான் போட்டிருக்கு, வேர் புடிக்கட்டும், அடுத்த வாரம் நானே கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்'னாரு. அடுத்த வாரம் அம்மா இல்ல. அதுக்கப்புறந்தான் ஐயா அந்தப் பலகைய கொண்டாந்து வச்சாரு."

மாமா, இத்தனை காலமும் அந்தப் பலகையைத் தங்கள் கண்டிப்பு என்றே நினைத்திருந்தேன். அதை வைத்துத் தங்கள் மகளிடம் கேலிகூடப் பேசியிருக்கிறேன். அவளுக்கும் இது தெரியாது. கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். தண்ணீர்ப் பஞ்சத்தில் அவ்வளவு பாத்திரம் கழுவுகிறாளே என்று தலைமை நர்ஸ்கூட ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வந்து அவளே பலகையைப் பிடுங்கித் துணியில் சுற்றி ஸ்டோர் ரூமில் வைத்தாள். அன்று டீச்சர் கால் வைத்தார். ஆக்சிஜன் சிலிண்டரை நான் உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். "குறுகுறுங்குது" என்றார்.

தையல்காரரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் வைத்தோம். குனிந்து ஒரு இலையைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார், கடையில் துணி பார்ப்பது போல. அவர் மனைவி, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "கசங்காது" என்றார். காதருகே குனிந்த அவளுக்கு மட்டும் கேட்டது, அவள்தான் எங்களுக்குச் சொன்னாள். அந்த வாரமே போய்விட்டார். பக்கவாட்டுச் சந்து வழியாக எடுத்துப்போக ஆட்கள் திரும்பினார்கள். தங்கள் மகள், "வேணாம், நேரா போங்க" என்றாள். ஸ்ட்ரெச்சர் பொடுதலை மேலேயே கேட் வரைக்கும் போனது. ஓசையே இல்லை. சக்கரம் போன தடத்தில் இலை எல்லாம் படுத்துவிட்டது, மறுநாள் சாயங்காலத்துக்குள் எழுந்துகொண்டது. ஒருவர் போய்விட்டார், தடமும் இல்லை. அது நல்லதா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே மாமா அவர்களே, தாங்கள் வரும்போது புதிய புல் சுருள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்களிடம் ஒன்றைக் கூடாது என்று சொல்கிறேன். இது இப்படியே இருக்கத் தங்கள் சம்மதம் வேண்டும். சம்மதம் இல்லை என்றால் நிர்வாகத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் குளியலறையில் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு இங்கேயே சேர்ந்துகொள்கிறேன்.

மூத்த மைத்துனருக்கும் அவர் துணைவியாருக்கும் எங்கள் அன்பு. பேரக் குழந்தைகளுக்கு எங்கள் ஆசி. தாங்கள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த ஆரோக்கியத்தோடும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இந்த இல்லத்தின் மேஜையில் உட்கார்ந்து இந்த வாக்கியத்தை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும், மனதார எழுதுகிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த (இந்த ஒரு விஷயம் தவிர),
மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையில் பசை தடவும்போது மூத்த மைத்துனரின் போன் வந்தது. இங்கே புறப்படுவதற்காகத் தாங்கள் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது வலது கை துவண்டு கீழே விழுந்துவிட்டதாகச் சொன்னார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாகவும், டாக்டர்கள் 'இனிமேல் எங்கள் கையில் ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். "உங்ககிட்டத்தான் கொண்டு வர்றோம் மாப்பிள்ள. ஒரே ஒரு வார்த்ததான் வருது. எதக் கேட்டாலும் 'சரி'ங்குறாரு. சாப்பிடுறீங்களாப்பான்னா சரி. வலிக்குதாப்பான்னா சரி. அவரு வாயில இந்த வார்த்தைய நான் கேட்டதே இல்ல மாப்பிள்ள" என்று அழுதார். நானும் கேட்டதில்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தள்ளுபடி செய்துவிடுங்கள் மாமா. இதைத் தபாலில் சேர்க்கப் போவதில்லை. தங்களுக்குப் படித்துக்காட்டவும் மாட்டேன். படித்தால் தாங்கள் "சரி" என்பீர்கள், அந்தச் சம்மதம் எனக்கு வேண்டாம். வந்து, ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை இது கண்றாவி?" என்று ஒரே ஒரு தடவை திட்டுங்கள். திட்டினால் போதும், அன்றைக்கே அத்தனையையும் பிடுங்கிவிட்டுத் தங்கள் புல்லையே போட்டுவிடுகிறேன். தண்ணீருக்கு நான் எங்கேயாவது போய் நின்றுகொள்கிறேன்.